பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகப்பேறு மருத்துவர்களுக்கும் குழந்தைநல மருத்துவர்களுக்கும்,

வணக்கம். ஜி6பிடி குறைபாடுள்ள ஒரு பையனின் தாய் நான். உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். பிறந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன் இந்தக் குறைபாடு இருக்கிறதா என்று பாருங்கள். முடிவை டிஸ்சார்ஜ் அட்டையில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கும் பெற்றோருக்காகச் சொல்கிறேன். ரத்தச் சிவப்பணு சிதையாமல் தன்னைக் காத்துக்கொள்ள ஜி6பிடி என்ற நொதி வேண்டும். மற்ற செல்களுக்கு வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு இது ஒன்றே வழி. அது குறைவாக இருப்பவர்களுக்குச் சில மருந்துகளோ ரசாயனங்களோ உடம்பில் சேர்ந்தால் சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்துவிடும். எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான் பாதிக்கிறது, பெண் பிள்ளைகளுக்கும் வராமலில்லை. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கு. பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். எதைத் தொடக்கூடாது என்று தெரியாதபோதுதான் ஆபத்து.

என் மகனுக்குப் பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை. நீல விளக்கில் வைத்தார்கள், இறங்கியது, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஏன் வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. வீட்டில் தூளி கட்ட என் மாமியார் தன் பழைய நூல் புடவையை எடுத்துக் கொடுத்தார். துவைத்துத் துவைத்துப் பஞ்சு போல ஆன புடவை, பீரோவில் பாச்சை உருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தது. அடுத்தடுத்த நாட்களில் குழந்தையின் கண் மறுபடி மஞ்சளானது. பால் குடிக்காமல் சுருண்டு தூங்கிக்கொண்டே இருந்தான். இடுப்புத் துணியில் சிறுநீர் பழுப்பாகப் படிந்தது. வேறொரு மருத்துவமனையில் அவனுக்கு ரத்தம் மாற்ற வேண்டியதாயிற்று. அங்கேதான் ஒரு டாக்டர், “வீட்டில் பாச்சை உருண்டை வைப்பீர்களா?” என்று கேட்டார். அந்தப் புடவையைக் கொடுத்த அத்தை இன்றும் தன்னை நொந்துகொள்கிறார். அவர்மேல் என்ன தப்பு? அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலின் இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆகாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

நம் வீடுகளில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டோம். இன்னொரு குழந்தை போட்ட பழைய சட்டை, பாட்டியின் புடவை, எல்லாம் பெட்டியிலிருந்துதான் வரும். ஆகவே பாச்சை உருண்டை பற்றிய கேள்வியைப் பிரசவ வார்டிலேயே கேட்டுவிடுங்கள். மருதாணியும் இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆகாது, கைக்குழந்தைக்கு அதைப் பூசக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காமாலை மூளையில் ஏறிவிட்டால் காது கேட்காமல் போகலாம், கைகால் இயக்கம் வாழ்நாள் முழுக்கக் குலையலாம். சிங்கப்பூரில் 1965 முதல் தொப்புள்கொடி ரத்தத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவருகிறார்கள். தமிழும் ஆட்சிமொழியாக உள்ள ஊர் அது. அங்கே பிறக்கும் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைப்பது இங்கே பிறக்கும் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டாமா?

அட்டையில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளை வளர்ந்து வேறு ஊரில், வேறு டாக்டரிடம் போவான். வைவாக்ஸ் என்ற வகை மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயின், தொழுநோய்க்குத் தரும் டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃபியூரன்டாயின், இவையெல்லாம் இவர்களுக்குச் சிக்கல் தருபவை. சென்னையில் வைவாக்ஸ் மலேரியா புதிதல்ல. பிரைமாகுயினை 14 நாள் கொடுக்கும் முன் இந்தச் சோதனை அவசியம்.

இன்னொரு குறை. குறைபாடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறீர்கள். நாங்கள் போனில் தேடுகிறோம். ஒரு பட்டியல் கொண்டைக்கடலையை விலக்கச் சொல்கிறது, இன்னொன்று பட்டாணியை, மற்றொன்று பருப்பு வகை அத்தனையையும். சாம்பார்கூட இல்லாமல் பிள்ளை வளர்க்கும் தாய்மாரை எனக்குத் தெரியும். ரத்தத்தை உடைப்பதாக உறுதியாகத் தெரிந்தது ஃபாவா பீன்ஸ் என்னும் ஒரு வகை அவரைதான், அது நம் சமையலில் அபூர்வம். துவரம்பருப்பு தாராளமாகக் கொடுக்கலாம் என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. ரத்தம் உடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் சோதித்தால் நொதி போதுமான அளவு இருப்பதுபோலக் காட்டலாம். குறைபாடு மிகுந்த பழைய அணுக்கள் உடைந்துபோய், நொதி அதிகமுள்ள இளம் அணுக்களே அப்போது மிஞ்சியிருக்கும். அதை வைத்து “ஒன்றுமில்லை” என்று அனுப்பிவிடாமல், சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வரச்சொல்லுங்கள். அந்தத் தேதியையும் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்