குமரி மாவட்டப் பயறு விதைகளின் மரபணு வரிசையைப் படித்து, வாடல் நோய் தாங்கும் ரகம் உருவாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பயறு, காய்கறி விவசாயிகள்,
கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு, கிள்ளியூர் வட்டங்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: பந்தல் பயற்றின் நாட்டு விதைகளைச் சேகரித்தல், மரபணு வரிசை ஆய்வு, நோய் தாங்கும் ரகம் உருவாக்குதல் ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை செய்ய வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித்தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் விளைகளிலும் (மேட்டு நிலத் தோட்டங்கள்), கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த ஏலாக்களிலும் (வயல்கள்), வாழைக்கும் மரச்சீனிக்கும் (மரவள்ளி) இடையிலும் பந்தல் பயறு போடுகிறோம். முழ நீளத்துக்கு மேல் தொங்கும் காய். அரசுப் பதிவேட்டில் காராமணி, தட்டைப்பயறு என்ற கணக்கில் வரும். வாழை குலை தள்ளிக் காசாகும் வரை வீட்டுச் செலவைத் தாங்குவது இந்தக் காய்தான். விதைத்து ஐம்பது நாளுக்குள் பறிக்கத் தொடங்கலாம், அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிப்பு.

இப்போது அந்தப் பறிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. கொடி நன்றாக ஏறி, பூ எடுத்து, முதல் ஒன்றிரண்டு பறிப்பு முடிந்ததும் அடித்தண்டு வீங்குகிறது. இலை பழுத்து, சில நாளில் கொடி முழுவதும் வாடித் தொங்குகிறது. தண்டைக் கீறிப் பார்த்தால் உள்ளே பழுப்பு ஓடியிருக்கும். மண்ணில் இருக்கும் ஃபியூசேரியம் என்ற பூசணத்தால் வரும் வாடல் நோய் இது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்யும் எங்கள் மண்ணில் ஈரம் காய்வதே அபூர்வம். ஒருமுறை புகுந்த பூசணம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். போதாக்குறைக்கு, மேலே அசுவினி ஏறித் தேமல் நோயைக் கொடிக்குக் கொடி பரப்புகிறது.

மருந்து அடித்தால் என்ன என்று கேட்கலாம். அடித்த பிறகு இத்தனை நாள் காத்திருந்துதான் பறிக்கவேண்டும் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆனால் பயற்றை மூன்று நாள் பறிக்காமல் விட்டால் காய் முற்றி, நார் ஏறி, விதை புடைத்துவிடும். வடசேரி சந்தையில் அதை யாரும் எடுக்கமாட்டார்கள். ஒன்று காயை விடவேண்டும், இல்லையென்றால் காத்திருப்பு நாளை விடவேண்டும். எது விடப்படுகிறது என்று நாங்கள் எழுதிக் காட்டத் தேவையில்லை. அந்தக் காயைத்தான் நாங்களும் தின்கிறோம், சந்தையில் வாங்கும் பிள்ளைத்தாய்ச்சியும் தின்கிறாள். ஆகவே இந்த நோய்க்கு மருந்தைத் தெளிப்பானில் தேடுவதைவிட விதையில் தேடுவதே சரி என்று கருதுகிறோம்.

விதை எங்களிடம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நுனி மட்டும் வெள்ளையாக இருக்கும் சிவப்பு விதை, கறுப்பு விதை, காய் குட்டையாக இருந்தாலும் மழையில் சாயாத வெளிர்பச்சைக் காய் விதை என்று வீட்டுக்கு வீடு வைத்திருந்தார்கள். நெற்றை உலர்த்தி, அடுப்புப் புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டால் வண்டு விழாது. கேஸ் அடுப்பு வந்தது, புகையும் போனது, விதை கட்டும் பழக்கமும் குறைந்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் லோலா, வெள்ளாயணி ஜோதிகா போன்ற ரகங்களை எங்களில் பலர் போடுகிறோம், விளைச்சலில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாக்கெட் விதை வந்த வீட்டில் பழைய விதை ஒரே போகத்தில் காணாமல் போகிறது. வாடல் பிடித்த பந்தலிலும் சாகாமல் நிற்கும் நாலு கொடியை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். அது அந்த விதையின் குணமா, அந்த இடத்து மண்ணின் தயவா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது. இதைச் சொல்லத்தான் மரபணு ஆய்வு வேண்டும் என்கிறோம்.

தட்டைப்பயற்றின் முழு மரபணு வரிசை, அதாவது அதன் குணங்களைத் தீர்மானிக்கும் வேதி எழுத்துகளின் வரிசை, 2019-இல் வெளியாகிவிட்டது. 11 ஜோடிக் குரோமோசோம்களில் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. படிக்கப்பட்டது நைஜீரியாவில் உள்ள பன்னாட்டு நிறுவனம் உருவாக்கிய ஒரு தானியப் பயறு. அதனுடன் ஒப்பிட்டு மற்ற ரகங்களைப் படிப்பது, முதன்முதலில் படித்ததைப்போலப் பெரிய வேலை அல்ல. முளைத்த நாற்றின் இலைத்துண்டு போதும். கலிஃபோர்னியாவில் தட்டைப்பயற்றைத் தாக்கும் ஃபியூசேரியத்தின் இரண்டு இனங்களுக்கு எதிர்ப்பு தரும் இடங்களையும் குரோமோசோமில் ஏற்கெனவே கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் விளையில் இருக்கும் பூசணமும் அதே இனமா என்பது இங்கே ஆய்வு செய்தால்தான் தெரியும். வேறாக இருந்தால் அங்கே கண்ட எதிர்ப்பு இங்கே உதவாமல் போகலாம்.

வரிசையைப் படிப்பது பாதி வேலைதான். எந்தச் செடி வாடியது, எது நின்றது என்ற கணக்கு பக்கத்தில் இல்லாவிட்டால் கோடிக்கணக்கான எழுத்துகள் வெறும் எழுத்துகளாகவே கிடக்கும். அந்தக் கணக்கு எடுக்க நோய் பிடித்த மண் வேண்டும். அது எங்களிடம் தாராளமாக இருக்கிறது! வாடல் வந்து கைவிட்ட விளைகளை இந்தச் சோதனைக்குக் குத்தகை இல்லாமல் தர எங்களில் சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எல்லா நாட்டு விதைகளையும் அங்கே ஒன்றாக விதைத்து, நின்ற கொடிகளுக்கும் வாடிய கொடிகளுக்கும் மரபணுவில் என்ன வித்தியாசம் என்று பார்த்தால் எதிர்ப்பு எங்கே இருக்கிறது என்பது தெரியவரும். அதன்பிறகு நல்ல காய் தரும் ரகத்தோடு மகரந்தம் மாற்றி ஒட்டுச் சேர்த்து, நோய் வரும்வரை காத்திராமல், நாற்றிலேயே இலையைச் சோதித்து வேண்டியதை மட்டும் வளர்க்கலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. டெல்டாவில் பயிரிடும் சி.ஆர். 1009 சப் 1 நெல் இந்த வழியில் வந்ததுதான். வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கவைக்கும் சப் 1 மரபணு ஒடிசாவின் ஒரு நாட்டு நெல்லிலிருந்து வந்தது. விவசாயிகள் அதை விடாமல் விதைத்துவந்ததால்தான் பின்னால் ஆய்வாளர்கள் கைக்குக் கிடைத்தது. பயறு வகையிலும் உதாரணம் உண்டு. கொண்டைக்கடலையின் வரிசை 2013-இல் படிக்கப்பட்டது. வறட்சி தாங்கும் பூசா சிக்பீ 10216 ரகம் மரபணுக் குறியீடுகளின் (வேண்டிய மரபணு இருப்பதைக் காட்டும் அடையாளங்கள்) உதவியோடு உருவாகி 2019-இல் வெளியானது.

இதைக் கேட்கிறபோது ‘மரபணு மாற்றுப் பயிரா?’ என்று எங்கள் கூட்டத்திலேயே சண்டை வந்தது. அல்ல. வேறு உயிரின் மரபணு எதையும் பயற்றில் நுழைக்க நாங்கள் கேட்கவில்லை. பயற்றோடு பயற்றை ஒட்டுச் சேர்ப்பதுதான். வீரிய ஒட்டு விதையும் வேண்டாம். பயறு தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. ரகம் வந்துவிட்டால் விதையை நாங்களே எடுத்து வைத்துக்கொள்வோம்.

எனவே தாங்கள் இதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்து, பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் வம்பன் தேசிய பயறு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து செய்யும் திட்டமாக்க உதவவேண்டும். முதல் வேலையாக, வரும் மழைக்கு முன் தோட்டக்கலைத் துறை அலுவலர்கள் வீடு வீடாக வந்து விதை சேகரிக்க உத்தரவிடவேண்டும். மற்றதெல்லாம் ஒரு வருடம் தாமதித்தாலும் தாங்கலாம், விதை தாங்காது. சேகரித்ததில் ஒரு பங்கைத் திருச்சூரில் உள்ள தேசிய தாவர மரபுவள மையத்தின் வட்டார நிலையத்தில் பத்திரப்படுத்தவேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் கறாராக இருக்கிறோம். எங்கள் விதையின் வரிசையைப் படித்து யாரோ ஒருவர் தனக்கென்று உரிமை வாங்கிவிடக் கூடாது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்படி உழவர் ரகங்களைக் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். விதை ஆய்வகத்துக்குப் போகும் முன்பே, கொடுத்த குடும்பத்தின் பெயரோடு அந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்க அலுவலர்கள் உதவவேண்டும். ஆய்வில் என்ன தெரிந்தது என்பதை விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் தமிழில் சொல்லவேண்டும், நல்ல சேதி இல்லாவிட்டாலும்.

ஒரே வருடத்தில் புது ரகம் வந்துவிடும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தாங்கள் தோட்டக்கலைத் துணை இயக்குநரையும் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளையும் அழைத்து ஒரு கூட்டம் போட்டால், விதைகளோடும் வாடிய கொடிகளோடும் நாங்கள் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பயறு விவசாயிகள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இடம்: தக்கலை

இணைப்பு: கையொப்பப் பட்டியல், கைவசமுள்ள நாட்டு விதைகளின் பட்டியலும் படங்களும், சோதனைக்கு நிலம் தர ஒப்புதல் கடிதங்கள்.