லிஸியின் அப்பாவைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

நீ சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அந்தப் படத்தை ஒருவழியாகப் பார்த்துவிட்டோம். ஜேன் ஆஸ்டினின் நாவலை வைத்து 2005-இல் ஜோ ரைட் எடுத்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவனோடு உட்கார்ந்து படம் பார்ப்பது பெரிய தண்டனை என்கிறாள் உன் அம்மா. "இது கதையில் இல்லை", "இது இங்கே வராது" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேனாம். பாதிப் படத்துக்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டாள். அப்போது அடக்கிவைத்ததை எல்லாம் இப்போது உன்னிடம் கொட்டுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கதாநாயகன் டார்சி, கதாநாயகி எலிசபெத்தின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கிறானே, அந்த இடம். கேமரா அவன் முகத்துக்குப் போகவில்லை. கையை மட்டும் காட்டுகிறது. விரல்கள் ஒரு தடவை விரிந்து இறுகுகின்றன, அவ்வளவுதான். ஜேன் ஆஸ்டின் இப்படி ஒரு வரி எழுதவே இல்லை. ஆனால் வாய் ஒத்துக்கொள்ளாததைக் கை ஒத்துக்கொண்டுவிட்டது. 1813-இல் வந்த புத்தகத்துக்குள் இது எப்போதும் இருந்த மாதிரியே எனக்குத் தோன்றியது.

மழைக் காட்சியைப் பற்றி உனக்கும் எனக்கும் சண்டை வரும். நாவலில் அவன் முதல் தடவை மனதைத் திறப்பது காலின்ஸ் பாதிரியாரின் வீட்டுக்குள். தலைவலி என்று அவள் தனியாக இருக்கிறாள். அவன் வருகிறான், உட்காருகிறான், எழுந்து அறைக்குள் நடக்கிறான், அப்புறம் சொல்கிறான். படத்தில் இங்கிலாந்தின் ஸ்டோர்ஹெட் தோட்டத்துத் தூண் மண்டபமும், கொட்டுகிற மழையும், நனைந்து மூச்சு வாங்கும் இரண்டு பேரும். கண்ணுக்கு அழகுதான். ஆனால் நாலு சுவருக்குள், குரலை உயர்த்தாமல், மரியாதைச் சொற்களை வைத்தே ஒருவரை ஒருவர் கிழித்துப்போடுவது அதைவிடக் கொடூரம் என்பது என் கட்சி. படத்தில் பாதிக் கோபத்தை மழையே வாங்கிக்கொள்கிறது.

அவள் மறுத்த பிறகு டார்சி தன் பக்கத்தை விளக்கி எழுதும் கடிதத்தையும் படம் அவசர அவசரமாக முடித்துவிடுகிறது. நாவலில் அவள் அதை ஒரு தடவை படித்துவிட்டு நம்ப மாட்டேன் என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி பிரிக்கிறாள். கதை திரும்புவதே அங்கேதான். பாவம், படிக்கிற பெண்ணை ஒரு கேமரா எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருக்கும்?

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. இந்தத் தடவை என் கண் காதலர்கள் மேல் நிற்கவில்லை. லிஸியின், அதாவது எலிசபெத்தின், அப்பா திரு. பென்னட் மேலேயே நின்றது.

கல்லூரி வயதில் படித்தபோது திரு. பென்னட் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள். என்ன பேச்சு, என்ன நக்கல்! இப்போது அந்த மனிதரின் கணக்கைப் பார்க்கிறேன். ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம். ஐந்து பெண்கள். சொத்து ஆண் வாரிசுக்குத்தான் போகும் என்பது ஏற்பாடு. இவர் கண்ணை மூடினால் வீடு தூரத்து உறவினரான அந்தக் காலின்ஸ் பாதிரியாருக்கு. எப்படியும் ஒரு பையன் பிறப்பான், அவன் வளர்ந்ததும் இந்தச் சிக்கல் தீரும் என்று இருந்துவிட்டார். பெண்களுக்கென்று வருமானத்திலிருந்து எதையும் ஒதுக்கவில்லை. மனைவியைக் கேலி செய்வதும், நூலக அறைக்குள் போய் ஒதுங்கிக்கொள்வதுமாகவே காலம் போய்விட்டது. கடைசிப் பெண் லிடியாவை பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்கு அனுப்ப வேண்டாம் என்று லிஸி எவ்வளவோ சொல்கிறாள். அனுப்பாவிட்டால் வீட்டில் நிம்மதி இருக்காது என்கிறார்.

அந்தப் பெண் விக்கம் என்ற ராணுவ அதிகாரியோடு ஓடிப்போன பிறகு, லண்டனில் தேடி அலைந்து வெறுங்கையோடு திரும்பி வந்து சொல்கிறார்: என் தப்பு எவ்வளவு பெரியது என்று வாழ்க்கையில் ஒரு தடவையாவது நான் உணர்ந்துகொள்கிறேன், விடு, அது என்னை அமுக்கிவிடும் என்ற பயமெல்லாம் இல்லை, சீக்கிரமே போய்விடும். தன்னை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிறார், இருந்தும் மாற மாட்டார். புத்தகத்தில் எனக்கு வயிற்றைப் பிசைகிற இடம் இப்போது இதுதான். படத்துக்கு இங்கே நிற்க நேரமில்லை.

படத்தில் அவருக்குக் கிடைத்தது டொனால்ட் சதர்லண்டின் முகம். கடைசியில் மகள் டார்சியைப் பற்றிப் பேசப் பேச, அந்தக் கண்கள் கலங்கி, அழுகையும் சிரிப்புமாக, உன்னை இதைவிடக் குறைந்த ஒருவனுக்குக் கொடுத்திருக்க மாட்டேன் என்கிறார். எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது, மறுக்கவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் எந்த மகளும் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவாள். அதுதான் எனக்கு இடிக்கிறது. நாவலில் இதே இடத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: உன் வாழ்க்கைத் துணையை உன்னால் மதிக்க முடியாமல் போகிற துக்கத்தை நான் பார்க்கும்படி வைத்துவிடாதே, மகளே. தன் கல்யாணம் எப்படிப்பட்டது என்பதை மகளிடமே சொல்லிவிடுகிறார். படம் கண்ணீரை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை விட்டுவிட்டது.

நீ யாரைக் கூட்டிவந்து நிறுத்தினாலும் நான் கேட்கப்போவது அது ஒன்றைத்தான், அம்மா. வேலை, வருமானம், குடும்பம் எல்லாவற்றையும் உன் அம்மா துருவித் துருவிக் கேட்டுக்கொள்வாள். அவரை உன்னால் மதிக்க முடிகிறதா என்று மட்டும் நீ எனக்குச் சொன்னால் போதும்.

உன் அம்மாவின் கட்சி வேறு. இத்தனை வருஷமாக எல்லோரும் பார்த்துச் சிரிக்கிற திருமதி பென்னட்டின் பக்கம் நிற்கிறாள். படத்தில் ஓரிடத்தில் லிஸி, கல்யாணத்தைத் தவிர வேறு நினைப்பே கிடையாதா என்று கேட்கிறாள். உனக்கும் ஐந்து பெண்கள் பிறக்கட்டும், அப்போது வேறு எதை நினைப்பாய் என்று சொல் என்கிறார் அந்தம்மா. உன் அம்மா உடனே படத்தை நிறுத்தச் சொன்னாள். "இது புத்தகத்தில் இருக்கிறதா?" இல்லை என்றேன். "அப்படியானால் இந்த விஷயத்தில் படம்தான் சரி. அந்த வீட்டில் நாளைக்கு எங்கே போய் நிற்பது என்று யோசிக்கிற ஒரே ஆள் அவள்தான். அவளைப் போய்க் கோமாளி ஆக்கிவிட்டார்கள்." எனக்குப் பதில் ஓடவில்லை. தனக்கு 27 வயது, பணமில்லை, பயமாக இருக்கிறது என்று லிஸியின் தோழி சார்லட் வெடிக்கிற காட்சி வந்தபோது, பார்த்தாயா என்பது போல என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இந்தப் படத்துக்கு இரண்டு முடிவு உண்டு, உனக்குத் தெரியுமா? இங்கிலாந்தில் வெளியானபோது அப்பாவோடு முடித்தார்கள். மற்றப் பெண்கள் மேரிக்கோ கிட்டிக்கோ யாராவது பையன்கள் வந்தால் உள்ளே அனுப்பு, எனக்கு இப்போது வேலையொன்றும் இல்லை என்கிறார், படம் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவுக்கு மட்டும், டார்சியும் லிஸியும் அவனுடைய பெம்பர்லி மாளிகையில் இரவில் உட்கார்ந்து கொஞ்சிக்கொள்கிற காட்சியைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். எனக்கு அப்பாவோடு முடிவதுதான் பிடித்திருக்கிறது. இவ்வளவு நேரம் காத்திருந்ததற்கு ஒரு முத்தம்கூட இல்லாவிட்டால் எப்படி என்கிறாள் உன் அம்மா.

அடுத்து 1995-இல் பிபிசி எடுத்த ஆறு பகுதித் தொடரைத் தொடங்கப்போகிறோம். அதில் கடிதத்துக்கு நேரம் கொடுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன். நீ பார்த்தது எந்த முடிவு, நீ யார் பக்கம் என்று விவரமாக எழுது. திரு. பென்னட் கடிதம் எழுதுவதில் மகா சோம்பேறி என்று நாவலிலேயே இருக்கிறது. அந்த விஷயத்தில் நீ அவரைக் கொண்டு பிறந்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா