பிளாஸ்டிக்கில் பெயின்ட் உரிவது பெயின்டின் குற்றமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. விலையோ இன்னும் சாதாரண மக்களின் கைக்கு எட்டவில்லை. ஆகவே மலையகத்தில் பலரும் இருக்கிற காரையும் வேனையும் பார்த்துப் பராமரித்தே ஓட்டுகிறார்கள். வெளுத்துப்போன பம்பர் ஓரம், பக்கக் கண்ணாடிக் கூடு, எஞ்சின் கவர் போன்றவற்றுக்கு ஸ்ப்ரே கேன் வாங்கி வீட்டிலேயே அடித்துக்கொள்வதும் பரவலாகிவிட்டது. வரவேற்க வேண்டிய விடயம்தான். ஆனால் சில மாதங்களில் அது தோல் தோலாக உரிந்து வந்ததும் 'பெயின்ட் சரியில்லை' என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்கிறார்கள். பெரும்பாலும் பெயின்டில் குறை இருப்பதில்லை. என்ன பிளாஸ்டிக் என்று பாராமல் அடிப்பதும், நம் மலைக்காற்றின் ஈரத்தைக் கணக்கில் எடுக்காததுமே உண்மையான காரணங்கள்.

கழற்றிய பாகத்தை முதலில் திருப்பிப் பாருங்கள். உட்புறத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே அது என்ன பிளாஸ்டிக் என்று அச்சில் பதித்திருப்பார்கள். பம்பரிலும் மட்கார்ட் ஓரங்களிலும் பெரும்பாலும் 'பி.பி.' என்றிருக்கும். அது பொலிப்ரொப்பிலீன். எஞ்சின் கவரில் 'பி.ஏ.6' அல்லது 'பி.ஏ.66', கூடவே 'ஜி.எப்.30' என்று இருந்தால் அது 30 வீதம் கண்ணாடி நார் கலந்த நைலோன். முன் கிரில்லிலும் கண்ணாடிக் கூட்டிலும் 'ஏ.பி.எஸ்.' என்று இருப்பதுண்டு. தண்ணீரில் மிதந்தால் பி.பி. என்று சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். டால்க் தூள் அதிகம் கலந்த பி.பி. பம்பர் தண்ணீரில் அமிழும். எழுத்தைப் பார்ப்பதே சரி.

இந்த மூன்றும் மூன்று விதமானவை. பி.பி.யில் எந்தப் பெயின்டும் தானாக ஒட்டாது. இரும்புக்கு அடிக்கும் சாம்பல் நிறப் பிரைமரை (அடிப்பூச்சை) எத்தனை கோட் அடித்தாலும் நகத்தால் கிளப்பினால் பாளமாக வந்துவிடும். அதற்கென்று பிளாஸ்டிக் பிரைமர் இருக்கிறது. நிறமில்லாமல் தண்ணீர் போலிருக்கும் அதை ஒன்று அல்லது இரண்டு மெல்லிய கோட் அடித்து, கேனில் போட்டிருக்கும் நேரத்துக்குள் நிறத்தை அடித்துவிட வேண்டும். கனமாக அடித்தால் நல்லதென்று நினைத்துவிடக் கூடாது. கனத்த பிரைமர் நடுவிலேயே பிளந்து, மேலுள்ள நிறத்தையும் கொண்டுபோய்விடும்.

ஏ.பி.எஸ். பெயின்டை நன்றாக ஏற்கும், ஆனால் தின்னரைத் தாங்காது. லக்கர் பெயின்டுக்குக் கலக்கும் என்.சி. தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தால் மேற்பரப்பு பிசுபிசுத்துவிடும். பிறகு ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் கிளம்பும். ஐசோப்ரொப்பைல் ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும்.

மலையகத்தில் அதிகம் ஏமாற்றுவது நைலோன் எஞ்சின் கவர்தான். பெயின்ட் அதில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் நைலோன் ஈரத்தை உறிஞ்சும் பொருள். மழைக்காலத்தில் இரவு முழுக்கச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் வெளியே காய்ந்தது போலத் தெரிந்ததும் அடிக்கிறார்கள். கவரை மாட்டி எஞ்சின் சூடேறியதும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, பெயின்டுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புகிறது. ஆகவே ஊறப்போடாமல் பிரஷ்ஷால் தேய்த்துச் சட்டென்று கழுவுங்கள். காய்ந்ததும் திரும்ப வண்டியில் மாட்டி, ஹட்டனிலிருந்து நுவரெலியா போய் வருகிற அளவுக்கு நீண்ட ஓட்டம் ஓட்டுங்கள். எஞ்சின் சூடே மேற்பரப்பின் ஈரத்தை விரட்டிவிடும். பிறகு கழற்றி, ஸ்பிரிட்டால் துடைத்து, கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதே அடித்தால் கொப்புளம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. விறகடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காயவைப்பது தவறு. அடுப்புப் புகையில் இருக்கும் எண்ணெய்ப் பசை படிந்துவிடும்.

கவரின் அடியில் சத்தத்தைக் குறைக்கும் ஸ்பொஞ்ச் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு அடியுங்கள். தின்னர் ஊறிய ஸ்பொஞ்சைச் சூடான எஞ்சின் மேல் வைக்கக் கூடாது. சில சிறிய எஞ்சின்களில் எயார் பில்டர் கூடும் கவரும் ஒன்றாகவே இருக்கும். அவற்றில் சீல் உட்காரும் விளிம்பில் பெயின்ட் படாதபடி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கவரைக் கழற்றும்போது சாய்த்து இழுத்தால் ரப்பர் புஷ் உட்காரும் காதுகள் உடையும். நேராக மேலே தூக்க வேண்டும்.

துடைப்பு முதலில், தேய்ப்பு பிறகு. இந்த வரிசை மாறவே கூடாது. டேஷ்போர்ட் பொலிஷிலும் டயர் பொலிஷிலும் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கிறது. அதை எடுக்காமல் சேண்ட்பேப்பர் போட்டால் சிலிக்கோன் கீறல்களுக்குள் இறங்கிவிடும். பெயின்ட் அடித்த மறுநொடியே மீன் கண் போலச் சிறு வட்டக் குழிகள் விழும். பிறகு எத்தனை கோட் அடித்தும் அவை மூடாது. பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரால் கழுவி, ஸ்பிரிட்டால் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால் துடைத்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். மழமழப்பான பாகத்துக்குத் தண்ணீர் தொட்டு 400, பிறகு 600ஆம் நம்பர். பி.பி.யை உலர் தேய்ப்பு தேய்த்தால் பஞ்சு போல நார் எழும்பும். சொரசொரப்பு அச்சு உள்ள பாகத்தில் சேண்ட்பேப்பரே வேண்டாம், அச்சு அழிந்துவிடும். சாம்பல் நிற ஸ்கொச்பிரைட் போதும். கண்ணாடி நார் உள்ள கவரைத் தேய்க்கையில் கையுறையும் முகமூடியும் கட்டாயம். தூள் தோலில் பட்டால் அரிக்கும், நெஞ்சுக்குள் போகவே கூடாது.

இனிக் காலநிலை. தின்னர் ஆவியாகும்போது பாகத்தின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பனி படிந்து, கறுப்பு நிறம் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். காற்றின் ஈரப்பதன் 85 வீதத்துக்கு மேல் போனால் அடிக்காமல் இருப்பதே நல்லது. ஈரப்பதமானி இல்லாதவர்கள் ஈரத்துணியால் பாகத்தின் ஓர் ஓரத்தைத் துடைத்துப் பார்க்கலாம். கால் மணி நேரத்தில் அந்த ஈரம் தானாகக் காயவில்லையென்றால் அன்று கேனைத் தொடாதீர்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் பெப்ரவரியும் மார்ச்சும் தோதான மாதங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. எந்த மாதமானாலும் காலை பத்து மணிக்கு முன்பும், மாலைப் பனி இறங்கிய பிறகும் வேண்டாம்.

குளிரில் கேனின் அழுத்தமும் குறையும். பெயின்ட் தூறலாக வராமல் துளித்துளியாகத் துப்பும். கைபொறுக்கும் சூடுள்ள தண்ணீரில் பத்து நிமிடம் கேனை நிறுத்தி வையுங்கள். கொதிநீரிலோ அடுப்பருகிலோ வைக்கவே வேண்டாம். 50 பாகை செல்சியசைத் தாண்டினால் கேன் வெடிக்கலாம். கேனுக்குள் இருக்கும் சிறு உலோகக் குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியபின் இரண்டு நிமிடம் குலுக்கி, 25 சென்ரிமீற்றர் தள்ளி நின்று, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி கையை ஓட்ட வேண்டும். முதல் கோட் அடிநிறம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும். கோட்டுக்குக் கோட் பத்து முதல் பதினைந்து நிமிடம், நுவரெலியாக் குளிரில் இருபது நிமிடம்கூட விடலாம். மூன்று, நான்கு கோட் போதும். ஒரு கவருக்கு 400 மில்லிலீற்றர் கேன் ஒன்று தாராளம்.

எஞ்சின் கவர் என்றதும் சைலன்சருக்கு அடிக்கும் 600 பாகை பெயின்டைக் கொடுக்கிறார்கள். அது வேண்டாம். அந்தப் பெயின்ட் 200 பாகை அளவுக்குச் சூடானால்தான் சரியாக இறுகும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் வளைந்துவிடலாம். சூடாகாவிட்டாலோ பெயின்ட் கடைசிவரை மாவாகவே இருந்து, விரல் பட்டாலே கீறும். எஞ்சின் எனாமலே போதுமானது. எனாமல் மேல் லக்கர் கிளியர் (நிறமில்லாத மேற்பூச்சு) அடித்தால் சுருங்கிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, மழைக்குப் பயந்து லயக்காம்பராவுக்குள்ளும் (தோட்ட லயத்து அறைக்குள்ளும்) கதவடைத்த இஸ்தோப்பிலும் (முன் விறாந்தையிலும்) வைத்து அடிப்பது. கேனிலிருந்து வரும் வாயு எரியக்கூடியது. பல கேன்களில் அது காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பக்கத்து அறை அடுப்பைப் போய்ச் சேரும். இறுக்கி (ஹார்ட்னர்) சேர்ந்த 2கே கிளியரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. அதன் தூறலைச் சுவாசித்தால் ஆஸ்துமா உண்டாகலாம், துணி முகமூடியும் சத்திரசிகிச்சை முகமூடியும் அதைத் தடுக்காது. சரியான சுவாசக் கருவி வைத்திருக்கும் கராஜில் அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். ஒரு கோட் கிளியருக்காகக் குழந்தைகள் தூங்கும் அறையின் காற்றைக் கெடுக்க வேண்டாம்.

தொட்டால் ஒட்டாதது காய்ந்ததற்கு அடையாளமல்ல. நம் குளிரில் ஒரு வாரம் விட்டு மாட்டுங்கள். அதற்கு முன் கண்ணில் படாத ஓரத்தில் பிளேடால் இரண்டு மில்லிமீற்றர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஆறு ஆறு கோடு கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் பிரைமர் பிடிக்கவில்லை. முழுவதையும் சுரண்டிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.

நகரங்களிலுள்ள பெயின்ட் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பிளாஸ்டிக்குக்கு என்று யாராவது ஸ்ப்ரே கேன் கேட்டால், 'பின்னால் என்ன எழுத்து இருக்கிறது?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பி.பி. என்றால் பிளாஸ்டிக் பிரைமரையும் சேர்த்துக் கொடுங்கள். கடையில் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், இரும்புப் பிரைமரைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
வாகன வர்ணப்பூச்சுத் தொழிலாளி ஒருவர்,
ஹட்டன்.