இடறும் குதிரைக்குச் சாட்டை மருந்தல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சவாரியின்போது குதிரை இடறினால், உடனே கடிவாள வாரைச் சுண்டி இழுத்துச் சாட்டையால் அடிக்கும் வழக்கம், அனுபவம் மிக்கவர்களிடம்கூட நீடிப்பது வேதனை அளிப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். தலையையும் கழுத்தையும் அசைத்துத்தான் குதிரை தன் சமநிலையை மீட்டுக்கொள்கிறது. தடுமாறும் கணத்தில் வாரை இறுக்கினால் அதற்கும் வழியில்லாமல் போகிறது.

முதலில் பார்க்க வேண்டியது குளம்பு. நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. குளம்பின் முன்முனை நீண்டுவிட்டால் கால் தரையை விட்டு எழத் தாமதமாகும்; முனை மண்ணில் தட்டும். 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் அடிப்பது வழக்கம் என்றாலும், இடறும் குதிரைக்கு அந்த இடைவெளியைக் குறைப்பதும், முனை மழுக்கி வளைத்த லாடத்தைப் பொருத்துவதும் பெரிதும் உதவும். குளம்பின் பின்பகுதியில் வலியுள்ள குதிரை அதை ஊன்ற அஞ்சி முனையையே முதலில் பதிக்கும். கெட்டியான சமதரையில் ஒருவர் குதிரையை நடத்திச் செல்ல, மற்றவர் பக்கவாட்டில் நின்று கவனித்தால் இது புலப்படும். என் குதிரையின் இந்த வலியைத்தான் பல மாதங்கள் சோம்பல் என்று எண்ணி அதனைக் கடிந்துகொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

பின்னங்கால்களும் இழுபட்டு, சிறு வட்டத்தில் திருப்பும்போது கால்கள் பின்னிக்கொண்டால், தண்டுவடத்திலோ நரம்பிலோ கோளாறு இருக்கக்கூடும். கால்நடை மருத்துவர் பரிசோதிக்கும்வரை அக்குதிரையின் மீது எவரும் ஏறக் கூடாது. அது விழுந்தால் மேலிருப்பவர் அதன் உடலுக்கு அடியில் சிக்கிக்கொள்ள நேரிடும். தோள்பட்டையை அழுத்தும் சேணமும் நடையைக் குறுக்கிவிடும் என்பதால், அதையும் சரிபார்க்க வேண்டும்.

நோயில்லை என்று உறுதியான பிறகே பயிற்சியைத் தொடங்கலாம். சுமார் 80 சென்டிமீட்டர் இடைவெளியில், அக்குதிரையின் காலடி நீளத்துக்கு ஏற்பச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ, தரையில் கழிகளைக் கிடத்தி நடத்தினால், அது காலைத் தூக்கி வைக்கக் கற்றுக்கொள்ளும். அதிகச் செங்குத்தில்லாத ஏற்றங்களில் நடத்துவது பின்புறத் தசைகளை வலுப்படுத்தும். சவாரி செய்பவர் முன்னோக்கிச் சாயாமல் நிமிர்ந்து அமர வேண்டும். களைத்த குதிரை எளிதில் இடறும் என்பதால், நடை தளர்வது தெரிந்தவுடனே இறங்கி அதனுடன் நடந்து திரும்புமாறு சவாரி செய்யும் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குதிரை வளர்க்கும் வாசகர் ஒருவர்