மேமி கிளார்க் கூட்டத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின உளவியலாளர் மேமி பிப்ஸ் கிளார்க் பற்றிய நம் கூட்டம் நல்லபடியாக நடந்து முடிந்தது. பேசியவள் நான் என்றாலும் உழைத்தவர்கள் பலர். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இங்கே இல்லை. அவரவருக்குத் தெரியும்.

முதலில் நூலகத்தில் வேலை பார்க்கும் அக்கா. மேமியும் கணவர் கென்னத்தும் 1947இல் வெளியிட்ட பொம்மைச் சோதனைக் கட்டுரையை அவர்தான் தேடி எடுத்துத் தந்தார். 3 முதல் 7 வயது வரை 253 கறுப்பினக் குழந்தைகள். 134 பேர் ஆர்கன்சாவிலும் 119 பேர் மாசசூசெட்ஸிலும். தோல், முடி நிறம் தவிர எல்லாம் ஒன்றுபோல இருந்த நான்கு பொம்மைகள். விளையாட எது வேண்டும் என்றால், மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோர் பழுப்புப் பொம்மையைக் கெட்டது என்று காட்டினார்கள். அந்த நான்கு பொம்மைகளையும் அட்டையில் வரைந்து கொடுத்த தம்பிக்கும் நன்றி.

பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் சொன்ன பிரவுன் தீர்ப்பை வழக்கறிஞர் அண்ணன் அழகாக விளக்கினார். ஆய்வுகளைச் சுட்டும் அதன் 11ஆம் அடிக்குறிப்பில் கென்னத்தின் பெயர் இருக்கிறது, மேமியின் பெயர் இல்லை என்பதை அவர் காட்டியபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. பொம்மை ஆய்வுக்கு வித்து, ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மேமி எழுதிய முதுகலை ஆய்வேடு. கென்னத்தே அதைச் சொல்லியிருக்கிறார். கொலம்பியாவில் மேமியின் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டிய ஹென்றி கேரட், பிரவுன் தீர்ப்பில் அடங்கிய வழக்குகளில் ஒன்றான வர்ஜீனியா வழக்கில் பிரிவினைக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். தன் பேராசிரியரை மறுத்து அதே வழக்கில் சாட்சி சொன்னவர் மேமி. எப்பேர்ப்பட்ட துணிச்சல்!

அப்புறம், ஓய்வுபெற்ற சிறப்புக் கல்வி ஆசிரியை. "பொம்மையோடு நிறுத்திவிடாதே, ஹார்லெமைப் பற்றிப் பேசு" என்று என்னைப் பிடித்துத் திருப்பியவர் அவர்தான். அவர் சொன்னது எவ்வளவு சரி! ஹார்லெம், நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நிறைய வாழ்ந்த பகுதி. அங்குள்ள குழந்தைகளுக்கு உளவியல் உதவி தாருங்கள் என்று நகரின் சமூக சேவை அமைப்புகளை மேமியும் கென்னத்தும் கேட்டுப் பார்த்தார்கள். யாரும் முன்வரவில்லை. சரி, நாமே தொடங்குவோம் என்று 1946இல் ஒரு குடியிருப்பின் அடித்தளத்தில் நார்த்சைட் என்ற குழந்தைகள் உளவியல் மையத்தைத் திறந்தார்கள். மேமியின் அப்பா, மருத்துவர் ஹரோல்ட் பிப்ஸ், 946 டாலர் கொடுத்தார்.

அங்கே பெற்றோர் கொண்டுவந்த பெரிய புகார், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் பிள்ளைகளைப் பள்ளிகள் தள்ளிவிடுகின்றன என்பது. மையம் சோதித்துப் பார்த்தால், பெரும்பாலான பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்க வேண்டியவர்களே அல்ல. ஒரு பிள்ளையின் படிப்பையே முடக்கிவிடும் முத்திரை அது. 1979இல் ஓய்வு பெறும்வரை மேமி அந்த மையத்தை நடத்தினார். என்னைக் கேட்டால், தீர்ப்பைவிட இந்த முப்பத்து மூன்று ஆண்டுகளே அவருடைய பெரிய சாதனை.

நாற்காலி போட்டவர்கள், சுண்டலும் டீயும் கொண்டுவந்தவர்கள், கேள்விகளால் திணறடித்த பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி.

கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மா, தன் மகனையும் இப்படித்தான் தனி வகுப்புக்கு மாற்றச் சொல்கிறார்கள் என்று ஆசிரியையிடம் சொன்னார். ஆசிரியை மறுபேச்சில்லாமல், அவரோடு பள்ளிக்குப் போய்ப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். டீச்சர், உங்களுக்கு இன்னொரு முறை நன்றி.