கொலோனில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கைப் பிரிவில் உனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. எனக்கும் பெருமைதான். கூடவே ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் நின்றுபோகும், அதனால் எழுதுகிறேன்.

ஹிட்லர் பதவிக்கு வந்த மூன்றே மாதத்தில், 1933 ஏப்ரல் 25 அன்று, அங்கே ஜெர்மனியில் ஒரு சட்டம் வந்தது. பள்ளி, கல்லூரிகளில் நெரிசலைக் குறைக்கிறோம் என்று காரணம் சொன்னார்கள். விடிந்தது யூதப் பிள்ளைகள் தலையில். மேல்நிலைப் படிப்பில் புதிதாகச் சேருகிறவர்களில் யூதர்கள் 1.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் உலகப் போரில் முன்னணியில் நின்றவரின் பிள்ளை என்றால் விலக்கு. பிள்ளை வாங்கிய மார்க்கைவிடத் தகப்பனின் போர்ச் சான்றிதழ் பெரிதாகிவிட்டது! ஜெர்மனியின் மக்கள்தொகையில் யூதர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. அவர்களால் என்ன நெரிசல் வந்துவிடும்?

இதில் அடிதடி எதுவும் இல்லை, பார். யாரோ ஒரு எழுத்தர் பெயர்களை எண்ணி, கணக்கைச் சரிபார்த்து, "இடமில்லை" என்று கடிதம் அனுப்பியிருப்பார். உன்னைப் போல மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்தான். என்னை உறுத்துவது அதுதான். 1938 நவம்பர் 15-க்குப் பிறகு அந்தக் கணக்கும் தேவைப்படவில்லை. மிச்சமிருந்த யூதப் பிள்ளைகளையும் பொதுப் பள்ளிகளிலிருந்து விரட்டிவிட்டார்கள்.

நீ இருக்கும் ஊரிலேயே, சங்க்ட் ஆபெர்ன் தெருவில், யாவ்னே என்ற யூத உயர்நிலைப் பள்ளி இருந்தது. 1919-இல் தொடங்கியது. மற்ற பள்ளிகள் கதவைச் சாத்தச் சாத்த, பிள்ளைகள் இங்கே வந்து சேர்ந்தார்கள். தலைமையாசிரியர் எரிக் கிளிபான்ஸ்கி. இனி இந்த மண்ணில் படிப்பு கிடையாது என்று தெரிந்ததும், பள்ளியையே இங்கிலாந்துக்கு மாற்றிவிட முயன்றார். 1939-இல் வகுப்பு வகுப்பாக 130 பிள்ளைகளைக் கரை சேர்த்தார். செப்டம்பரில் போர் மூண்டதும் வழி அடைபட்டது. 1942 ஜூலையில் அவரையும் மனைவியையும் மூன்று மகன்களையும் இன்றைய பெலாரஸ் நாட்டிலுள்ள மின்ஸ்க் நகரத்துப் பக்கம் கொண்டுபோய்க் கொன்றார்கள். ஊரார் பிள்ளைகளை அனுப்பிவைத்த மனுஷன், தன் பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தார். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளி இருந்த இடத்துக்கு இப்போது அவர் பெயர்தான். அங்கே ஒரு சிங்க நீரூற்று இருக்கிறது. கொலோனிலிருந்து கொண்டுபோய்க் கொல்லப்பட்ட 1,100-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் பெயர்களை அதில் பொறித்திருக்கிறார்கள். வேலையில் சேருமுன் ஒருமுறை போய்ப் பார்த்துவிடு, கண்ணம்மா.

சேர்ந்த பிறகு எனக்கு ஒன்று விசாரித்துச் சொல். உங்கள் அலுவலகத்தில் ஒரு பிள்ளைக்கு இடமில்லை என்றால் காரணத்தை எழுதித் தருகிறீர்களா? அதை எதிர்த்து அந்தப் பிள்ளை யாரிடம் போய் முறையிடலாம்?

அன்புடன்,
அப்பா