வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க உறுப்பினர்களே, அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்ற நரம்பு நோய் உள்ளவர்களின் சங்கமான நம் சங்கத்தின் கடந்த ஓராண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சென்ற முறை அறிக்கை நீளம் என்று புகார் வந்தது. கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே விஷயத்தில் கவனம் நிற்பதில்லை என்றார்கள். நியாயம்தான், எனக்கும் நிற்பதில்லை. ஆகவே நடந்து முடிந்ததை ஓரிரு வரியிலும், முடியாமல் இழுத்துக்கொண்டிருப்பதைச் சற்று விரிவாகவும் சொல்லிவிடுகிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. இரண்டு முறை கூட்டம் நடத்தத் தேவையான கோரம் சேராமல் தள்ளிவைத்தோம். பிசியோதெரபி வகுப்பு மாதந்தோறும் நடந்தது. குடும்பத்தாருக்கு மட்டுமான கலந்துரையாடல் ஒன்று நடந்தது. அங்கே பேசியதை வெளியே சொல்வதில்லை என்று அவர்களே முடிவெடுத்ததால் எனக்கும் ஒன்றும் தெரியாது. என் மனைவியும் போயிருந்தாள்; கேட்டுப் பார்த்துவிட்டேன்.

உலக எம்.எஸ். நாளான மே 30 அன்று நரம்பியல் மருத்துவர் ஒருவர் வந்து பேசினார். 1868-ல் பாரிசில் ஷார்கோ என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டதில் தொடங்கி, 1993-ல் இதற்கான முதல் இன்டர்ஃபெரான் ஊசி வந்தது, 2017-ல் ஓக்ரெலிசுமாப் என்ற மருந்து வந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். 2017 என்றதும் பின்வரிசையிலிருந்து ஓர் அண்ணன், "அதுவரைக்கும் எங்க வகைக்கு ஒண்ணுமே இல்ல டாக்டர்" என்றார். வந்து வந்து போகாமல், முதல் நாளிலிருந்தே மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும் வகை அவருடையது. அந்த வகைக்கென்று அனுமதி பெற்ற முதல் மருந்து அது. மருத்துவர் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த ஸ்லைடு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

2023-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கிளாடிரிபின், கிளாட்டிராமர், ரிட்டுக்சிமாப் என்று எம்.எஸ்.சுக்கான மூன்று மருந்துகளை முதன்முறையாகச் சேர்த்தது. அதைக் காட்டி, இந்த மருந்துகள் எளிதில் கிடைக்க வேண்டும் என்று ஒரு மனு கொடுத்தோம். கையெழுத்துகள் உறுப்பினர் படிவத்தில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கை நடுங்குகிறவர்களிடம் வாங்கிய கையெழுத்து எப்படி ஒத்துப்போகும்? அதைச் சொல்லத்தானே மனுவே! இரண்டாம் முறை கைநாட்டு வைத்துக் கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை.

வராதோர் பதிவேடு

இனி என் பொறுப்பில் நடந்த வேலை. இதற்கு "செயலாளரின் உளவு வேலை" என்று பெயர் வைத்திருப்பதாக என் காதுக்கும் வந்தது. வைத்தவர் இங்கே இருந்தால் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன். இல்லையென்றால் நாளை போன் வரும்.

ஆண்டுத் தொடக்கத்தில் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. "உறுப்பினர்களின் அக்கறையின்மை வருத்தமளிக்கிறது" என்று சென்ற ஆண்டறிக்கையில் எழுதி வாசித்தவன் நான்தான். வாசித்துவிட்டு உட்கார்ந்தபோதே உறுத்தியது. நம் நோயில், வராமல் போக அக்கறையின்மை என்று தனியாக ஒன்று வேண்டுமா? வந்தவர்களை மட்டும் வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்தால், அது அன்றைக்கு உடம்பு சரியாக இருந்தவர்களின் சங்கம்.

அதனால் பெயர், வருகை என்ற இரண்டு பத்திகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று போட்டேன். தலைப்பு: ஏன். கூட்டம் முடிந்த மறுநாள் வராத ஒவ்வொருவருக்கும் போன் செய்வது, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுவது, நம் விளக்கம் எதையும் சேர்க்காமல் இருப்பது. இவ்வளவுதான் விதி.

சிலவற்றை, பெயர் இல்லாமல் படிக்கிறேன். "படி." "குளிச்சேன், அதோட அன்னைக்குக் கணக்கு முடிஞ்சுபோச்சு." "கொண்டுவந்து விட ஆள் இல்ல." "பாத்ரூம் எங்க இருக்குன்னு தெரியாத இடத்துக்கு நான் வர்றதில்ல." "கெளம்பி, செருப்பு மாட்டி, வாசல்ல உக்காந்தேன். அப்புறம் எழுந்திரிக்கல." "நல்லா இருக்கேன், அதான் வரல."

களைப்பு என்பதைப் பற்றிக் குடும்பத்தார் இருப்பதால் ஒரு வார்த்தை. வேலை செய்து, அதனால் வரும் அலுப்பு இல்லை இது. தூங்கி எழுந்தவுடனேயே இருக்கும். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை நம் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுகிறது. மூளை அனுப்பும் செய்தி அந்த இடத்தைக் கடக்க ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. வெளியே எதுவும் தெரியாது. "முகத்தைப் பாத்தா நல்லாத்தானே இருக்கே" என்பது அன்பாகச் சொல்வதுதான். ஆனாலும் இந்த ஆண்டு பதிவேட்டில் அதிகம் பேர் புண்பட்டுச் சொன்ன வாக்கியம் அது.

பதிவேட்டால் என்ன பயன் என்று கேட்டார்கள். மூன்று மாதத்தில் ஒன்று தெரிந்தது: வெயில் மாதங்களில் "முடியல" என்ற சொல் இரண்டு மடங்கு வந்திருந்தது. 1890-ல் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், உடற்பயிற்சிக்குப் பிறகு இந்நோயாளிகளின் பார்வை சற்று நேரம் மங்குவதைக் கவனித்து எழுதினார். காரணம் சூடு. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே சேதமான நரம்பில் செய்தி தடுமாறும், தணிந்தால் சரியாகும். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தாகிவிட்டது. நாமோ மாலை நான்கு மணிக்கு, வெயில் குடித்து நிற்கும் மாடியில் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது காலை பத்து மணி, தரைத்தளம். நாற்காலியிலிருந்து கழிப்பறை வரை என் நடையில் நாற்பத்தொரு அடி. பழைய இடத்தில் நூற்றுக்கு மேல், நடுவில் ஒரு வாசற்படி வேறு. காலை நேரம் எல்லோருக்கும் ஒத்துவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "நான் எழுந்தாலும் என் கால் எழுந்திரிக்கப் பதினொண்ணு ஆகும்" என்று ஓர் அக்கா சொன்னதும் பதிவேட்டில் இருக்கிறது.

தொலைபேசிச் செலவுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்ட உறுப்பினருக்கு ஒரு செய்தி. 1945-ல் நியூயார்க்கில் சில்வியா லாரி என்ற பெண், எம்.எஸ். வந்த தன் சகோதரருக்காகச் செய்தித்தாளில் ஒரு சிறு விளம்பரம் கொடுத்தார். இந்த நோயிலிருந்து மீண்டவர் யாராவது இருந்தால் தொடர்புகொள்ளுங்கள் என்று கேட்டிருந்தார். கடிதங்கள் வந்தன. பெரும்பாலும் அதே கேள்வியோடு இருந்தவர்களிடமிருந்து, உங்களுக்கு யாராவது பதில் எழுதினார்களா என்று கேட்டு. மறு ஆண்டு அவர் தொடங்கிய அமைப்புதான் அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சங்கமானது. அந்த விளம்பரத்துக்கும் யாரும் முன் அனுமதி கொடுத்ததாகத் தெரியவில்லை.

ஒரு பெயரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த நோய் பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் வருவது, ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு வருவது. அப்படிப் புதிதாகத் தெரியவந்த ஒரு தங்கை நான்காவது கூட்டத்துக்கு வந்தார். ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தார். எதிரே நம் மூத்த உறுப்பினர் அக்காவின் சக்கர நாற்காலி. அக்காவின் கால் இறுகி உதறாமல் இருக்க முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை கட்டியிருக்கும். அந்தப் பெண் அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். டம்ளரை வாங்கி, குடிக்காமல், நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு வரவில்லை.

போனை எடுக்கவில்லை. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே "பயம்" என்று எழுதினேன். அது அவர் வார்த்தை இல்லை, என் வார்த்தை. விதியை மீறிய ஒரே இடம்.

புதிதாக வருகிறவர்களுக்குத் தனிக் கூட்டம் வேண்டும் என்று செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவந்தேன். இப்போதிருக்கும் மருந்துகளோடு தொடங்குகிறவர்களின் பாதை, மருந்தே இல்லாத காலத்தில் தொடங்கியவர்களின் பாதையாக இருக்க வேண்டியதில்லை. முதல் நாளே அதைப் பார்த்து மிரள வேண்டுமா என்பதுதான் என் வாதம். அக்கா முழுதாகக் கேட்டார். "தம்பி, அந்தப் பொண்ணு பயந்தது என்னைப் பாத்து. அப்ப வரக்கூடாதது நானா?" என்றார். தீர்மானம் தோற்றது. என் கையும் தீர்மானத்துக்கு ஆதரவாக எழவில்லை என்பது குறிப்பேட்டில் இருக்கிறது. அன்று மாலையே அக்கா என்னிடம் அந்தத் தங்கையின் போன் எண்ணை வாங்கிக்கொண்டார். வாரம் ஒரு முறை பேசிக்கொள்கிறார்களாம். என்ன பேசுகிறார்கள் என்று என்னிடம் சொல்வதில்லை. தங்கை இன்னும் கூட்டத்துக்கு வரவில்லை.

இங்கே ஒரு மனக்குறை. குறையாகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். ஆண்டின் பிற்பகுதியில் எனக்கே ஒரு அட்டாக் வந்தது, நோய் திடீரென்று ஏறுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். எதைப் பார்த்தாலும் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு நான் வரவில்லை. மறுநாள் போன் அருகிலேயே படுத்திருந்தேன். ஒருவரும் அழைக்கவில்லை. ஒரு வாரம் கோபமாக இருந்தேன். பார்வை சரியானதும் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அழைக்க வேண்டியவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. பட்டியல் போட்டவன் நான்.

சந்தா, இரவல், இன்ன பிற

சந்தா நிலுவை கவலை தரும் அளவில் இருக்கிறது. மறதி என்கிறார்கள். எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நினைவிலோ கவனத்திலோ ஏதாவதொரு தடுமாற்றம் வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் சந்தாவை மூன்று ஆண்டாக மறந்த உறுப்பினர், வாக்கர் இரவல் வாங்கும் தேதியை ஒரு முறைகூட மறந்ததில்லை என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். உண்மையிலேயே கட்ட முடியாதவர்கள் என் காதில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த ஆண்டு அப்படிச் சிலருடைய சந்தா கட்டப்பட்டது. யார் கட்டினார்கள் என்று பொருளாளர் சொல்ல மாட்டார்.

இரவல் போன சக்கர நாற்காலிகளில் ஒன்று, வலது கால்மிதி இல்லாமல் திரும்பி வந்தது. அந்த இடத்தில் சணல் கயிறு கட்டியிருந்தது. நேர்த்தியான முடிச்சு, பாராட்டுகிறேன். ஆனாலும் கால்மிதி எங்கோ ஒரு வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் "எம்.எஸ். அடியோடு குணமாகும்" என்ற செய்திகளை அனுப்ப வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். நம்மில் பெரும்பாலானோருக்கு அட்டாக் வரும், சில வாரத்தில் தானாகவே ஓரளவு இறங்கும். இறங்குகிற நேரத்தில் எந்த எண்ணெயைத் தடவினாலும் அந்த எண்ணெய்க்குத்தான் பேர் கிடைக்கும். அதை நம்பி ஒருவர் ஊசியை நிறுத்தினார். அதன் பலனை அவர் இன்று அனுபவிக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

வரவுக்குள் செலவு அடங்கியது, கொஞ்சம் மிச்சமும் உண்டு. மிச்சம் என்பது வர வேண்டிய நிலுவையையும் வரவாகப் பார்த்தால். விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். தணிக்கை செய்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதற்கு விடை சொல்லியாகிவிட்டது.

நன்றி சொல்லும் கடமை. இடம் கொடுத்தவர்களுக்கு, பேசிய மருத்துவருக்கு, பிசியோதெரபிஸ்டுகளுக்கு, தலைவருக்கு, செயற்குழுவுக்கு, நாற்காலி எடுத்துப்போட்ட இளைஞர்களுக்கு நன்றி. உறுப்பினர்களின் கணவன்மார், மனைவிமார், பெற்றோர், பிள்ளைகளுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும் என்று போன ஆண்டு நினைவூட்டினார்கள். சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு பதிவேடு தொடரும். போன் செய்ய இன்னும் இரண்டு பேர் வேண்டும். பேச்சில் கெட்டிக்காரராக இருக்கத் தேவையில்லை, எதிர்முனையில் மௌனமாக இருந்தால் வைத்துவிடாதவராக இருந்தால் சரி. என் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

இன்னொன்று. இந்த ஆண்டு மூன்று வீடுகளுக்குப் போய் உறுப்பினர்களைக் காரில் ஏற்றிவந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. சமீபமாக வலது கால் பிரேக் மேல் இருக்கிறதா, ஆக்சிலரேட்டர் மேல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாவியை என் மனைவி வாங்கி வைத்துவிட்டாள். இன்று அந்த மூன்று பேரும் வரவில்லை. "ஏன்" பத்தியில் என்ன எழுதுவது என்று நாளை அவர்களைக் கேட்க வேண்டிய அவசியமில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அந்த மூன்று வீட்டுக்கும் வண்டி வேண்டும். என்னையும் சேர்த்து நான்கு. பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் அதிலேயே கட்டியிருக்கிறது. ஓட்டத் தெரிந்தவர்கள் கடைசிப் பக்கத்தில் பெயர் எழுதிவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
செயலாளர்